ஸ்ட்ரைக்கும் கூலியும் அகராதி ஏறிய கதை

அகராதிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். பஞ்சப்படியைப் பற்றி எழுதக் கூடாதா, குத்தகை பாக்கியைப் பற்றி எழுதக் கூடாதா, சொல்லுக்குப் பொருள் தேடும் பண்டிதர் வேலை நமக்கு எதற்கு என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மில் கேட்டில் நின்று நாம் சொல்லுகிற ‘ஸ்ட்ரைக்’ என்ற சொல்லை எந்த மேதையும் நாற்காலியில் உட்கார்ந்து உண்டாக்கவில்லை. கப்பல் மாலுமிகள் உண்டாக்கினார்கள். ‘பாய்காட்’ என்ற சொல்லைக் குத்தகை விவசாயிகள் உண்டாக்கினார்கள். இன்னொரு பக்கம், நம் ஊர் உழைப்பாளியின் வாயிலிருந்து இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டுபோன துரைமார், அவற்றை உலகம் முழுவதும் வசைச் சொல்லாக ஆக்கினார்கள். இந்த நான்கு சொல்லும் ஒரே புத்தகத்தில் ஏறியிருக்கின்றன. அதுதான் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. பதிப்புக்குப் பதிப்பு அது வளர்ந்த கதையை நம் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இந்த அகராதியைத் தொகுக்க வேண்டும் என்ற யோசனை 1857-ம் ஆண்டு லண்டனில் ஒரு மொழி ஆராய்ச்சிச் சங்கத்தில் எழுந்தது. நம் நாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே ஆண்டு! உருப்படியாக வேலை தொடங்கியது 1879-ல், ஜேம்ஸ் முர்ரே என்பவர் ஆசிரியராக வந்த பிறகு. முர்ரே பிரபு வீட்டுப் பிள்ளை அல்ல. ஸ்காட்லாந்தில் ஒரு கிராமத்துத் தையற்காரரின் மகன்; 14 வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். சொந்த முயற்சியால் பல மொழிகள் கற்று, பள்ளி ஆசிரியராகி, இந்தப் பொறுப்புக்கு வந்தார். சாகும் வரை அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமை தேடிக்கொண்ட ஆக்ஸ்போர்டில், எந்தக் கல்லூரியும் அவரைத் தன் ‘ஃபெல்லோ’வாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பத்து வருடத்தில் முடிப்பது என்று ஒப்பந்தம். ஐந்து வருடம் கழித்து, 1884-ல், முதல் பகுதி வெளிவந்தது. 352 பக்கம். ‘ஏ’ என்ற முதல் எழுத்தே அதில் முடியவில்லை. ‘ஆன்ட்’, அதாவது எறும்பு என்ற சொல் வரைக்கும்தான் ஊர்ந்திருந்தது! விலை 12 ஷில்லிங் 6 பென்ஸ். தென் இங்கிலாந்தில் வயலில் கூலிவேலை செய்தவன் ஒரு வாரம் பாடுபட்டால் கிடைத்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். அகராதி யாருக்காக அச்சாயிற்று என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

யாருடைய உழைப்பால் அச்சாயிற்று என்பது வேறு கதை. முர்ரே ஒரு வேண்டுகோள் அச்சிட்டு அனுப்பினார். ஆயிரம் பேர் வேண்டும். ஆளுக்குச் சில புத்தகம் படியுங்கள். ஒரு சொல் வருகிற வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி, எந்தப் புத்தகம், எந்த வருடம், எத்தனையாவது பக்கம் என்று குறித்து அனுப்புங்கள் என்றார். சம்பளம் கிடையாது. சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, அதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு அறைகள் கொண்ட அலமாரிகளை வைத்து, சீட்டுகளை அடுக்கினார்கள். முர்ரேயின் பிள்ளைகள் பதினொரு பேர். அவர்களும் எழுத்து வரிசைப்படி சீட்டு அடுக்கினார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மணிக்கு ஒரு பென்னி கைச்செலவுக் காசு. குளிர்காலத்தில் அந்தக் கொட்டகையில் கால் விறைத்துப் போகுமாம்.

முர்ரே 1915-ல் இறந்தார். அகராதி 1928-ல்தான் முடிந்தது. பத்து வருட ஒப்பந்தம் 49 வருடமாயிற்று. பத்துத் தொகுதி, 15,490 பக்கம், 4,14,825 சொற்கள். இது மனித உழைப்பின் ஒரு பெரிய சாதனை என்பதை ஒப்புக்கொள்ள நாம் தயங்க வேண்டியதில்லை. முதலாளி நாட்டில் நடந்தது என்பதற்காக உழைப்பை உழைப்பு அல்ல என்று சொல்ல முடியுமா?

மாலுமிகள் இறக்கிய பாய்

இனி நம் சொற்களுக்கு வருவோம்.

‘ஸ்ட்ரைக்’ என்றால் ஆங்கிலத்தில் அடிப்பது. கப்பல் பாஷையில் பாயையும் பாய்மரத்துக் கட்டையையும் கீழே இறக்குவதற்கும் அதே சொல்தான். 1768-ம் ஆண்டு இங்கிலாந்தின் துறைமுகங்களில் மாலுமிகள் கூலி போதவில்லை என்று கூடினார்கள். தங்கள் குறைகளைக் காகிதத்தில் எழுதிப் படித்தார்கள். பிறகு ஒவ்வொரு கப்பலிலும் ஏறி, அது துறையை விட்டுப் புறப்பட முடியாதபடி எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டார்கள். பாய் இறங்கியது, வியாபாரம் நின்றது. அன்று முதல் வேலையை நிறுத்துவதற்கே ‘ஸ்ட்ரைக்’ என்று பெயர். ஆக்ஸ்போர்டு அகராதியும் இந்தப் பொருளுக்கு அந்த 1768-ம் வருடத்து வாக்கியத்தைத்தான் சாட்சியாக வைக்கிறது. நூற்புச் சாலைத் தொழிலாளி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வரும்போது, தெரிந்தோ தெரியாமலோ அந்த மாலுமிகளின் பாயைத்தான் இறக்குகிறான்.

‘பாய்காட்’ அதைவிடச் சுவையானது. அயர்லாந்தில் மேயோ என்ற ஜில்லாவில் ஏர்ன் பிரபு என்ற நிலச்சுவான்தாருக்கு ஏஜெண்டாக இருந்தவர் கேப்டன் பாய்காட். 1880-ல் விளைச்சல் கெட்டது. குத்தகையில் கால்பங்கு தள்ளிக்கொடு என்று விவசாயிகள் கேட்டார்கள். பிரபு பத்தில் ஒரு பங்குதான் தள்ளுவேன் என்றார். ஏஜெண்டு வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார். விவசாயிகள் தடி எடுக்கவில்லை. அவர் வயலில் யாரும் இறங்கவில்லை, அவ்வளவுதான். கடைக்காரன் சாமான் கொடுக்கவில்லை. வீட்டு வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். கடைசியில் வெளியூரிலிருந்து ஐம்பது ஆட்களை வரவழைத்து, சுற்றிலும் பட்டாளத்தை நிறுத்தி அறுவடை செய்தார்கள். 500 பவுன் பெறுமான விளைச்சலை வீடு சேர்க்கப் பத்தாயிரம் பவுன் செலவாயிற்று என்று அந்நாளில் கணக்குச் சொன்னார்கள். ஏஜெண்டு ஊரை விட்டே போனார். அவருடைய பெயர் மட்டும் போகவில்லை! எட்டே வருடத்தில், 1888-ல் முடிந்த ஆக்ஸ்போர்டு முதல் தொகுதியிலேயே அது ஏறி உட்கார்ந்துகொண்டது. அயர்லாந்து விவசாயி யாரிடமும் மனுப்போடவில்லை. பத்திரிகைகள் அந்தச் சொல்லை எழுதித் தீர வேண்டி வந்தது; எழுதியதைச் சீட்டில் எடுத்துத் தீர வேண்டி வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

தொலைந்த சீட்டு

அதே முதல் தொகுதியில் ஒரு சொல் இல்லாமல் போயிற்று. ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல். அடிமைப்பெண் என்று பொருள். பைபிளின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வருகிற பழைய சொல். அதற்கான சீட்டுகள் எங்கோ தவறிப்போய், புத்தகம் அச்சாகி வெகுநாள் கழித்துத்தான் அது விடுபட்ட சங்கதியே தெரிந்தது. வேண்டுமென்று செய்ததல்ல, கைப்பிசகு. இருந்தாலும், லட்சக்கணக்கான சீட்டுகளுக்கு நடுவில் கைதவறிப் போனதற்குப் பேர்போனது எது? அடிமைப்பெண்! நமக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பு வரவில்லை.

1933-ல் ஓர் அனுபந்தத் தொகுதி வந்தது. விடுபட்ட அடிமைப்பெண் அதில்தான் இடம் பிடித்தாள். இன்னொரு விருந்தாளியும் அதில் வந்தார்: ‘போல்ஷ்விக்’. ‘பி’ எழுத்தை 1888-லேயே அச்சிட்டு மூடிவிட்டார்கள் அல்லவா? ருஷ்யத் தொழிலாளர்கள் 1917-ல் ஆட்சியைக் கையில் எடுத்தபோது ஆக்ஸ்போர்டு அகராதியில் அவர்களுக்கு இடமில்லை. 1928-ல் முழு அகராதியும் முடிந்தது என்று விருந்து வைத்துக் கொண்டாடினார்களே, அந்தப் பத்துத் தொகுதியிலும் உலகைக் குலுக்கிய அந்தச் சொல் கிடையாது. அச்சான எழுத்து மூடிக்கொள்ளும், சரித்திரம் மூடிக்கொள்ளாது. அதனால்தான் அகராதிக்கு மறுபடி மறுபடி பதிப்பு வேண்டியிருக்கிறது.

கப்பலேறிய நம் சொற்கள்

நம் தமிழிலிருந்தும் சொற்கள் அந்த அகராதிக்குப் போயின. கட்டுமரம் போயிற்று, சுருட்டு போயிற்று, மிளகுத்தண்ணீர் போயிற்று. இவையெல்லாம் துரைமார் ஏறிப்போனவை, புகைத்தவை, குடித்தவை. கூடவே, அவர்களுக்கு உழைத்தவர்களின் பெயரும் போயிற்று.

1893-ல் முடிந்த ‘சி’ தொகுதியில் ‘கூலி’ என்ற சொல் இருக்கிறது. இது குஜராத்துக் ‘கோலி’ என்ற இனத்தாரின் பெயரா, தமிழ்க் ‘கூலி’யா என்று பண்டிதர்களுக்குள் வழக்கு உண்டு. வழக்கு எப்படி முடிந்தாலும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தமிழில் கூலி என்பது செய்த வேலைக்கு வாங்குகிற பணம், அல்லது நெல். அது நம் உரிமை. வேலை செய்தவன் பெயர் கூலிக்காரன், கூலியாள். ஆங்கிலத்திலோ உரிமை மறைந்துவிட்டது. ஆள்தான் ‘கூலி’ ஆகிவிட்டான். இந்தியாவிலும் சீனாவிலும் சுமை தூக்குகிற, நாள்வேலை செய்கிற சுதேசி என்று பொருள். ஆளுக்குப் பெயரில்லை, ஊரில்லை. எண்ணிக்கைதான் உண்டு.

எப்படி ஏற்பட்டது இந்தப் பொருள்? பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழிக்க 1833-ல் சட்டம் செய்தார்கள். கரும்புத் தோட்ட முதலாளிக்கு ஆள் வேண்டும். ஒப்பந்தக் கூலி முறை வந்தது. மொரீஷியசுக்குப் போனார்கள், பிஜித் தீவுக்குப் போனார்கள். கங்காணிகள் பிடித்துச் சென்ற கூட்டம் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போயிற்று. 1860-ல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவில் நேட்டாலுக்குப் போயிற்று. அங்கே கரும்பு வெட்டியவர் மட்டுமல்ல, கடை வைத்தவரும் வக்கீலும்கூட வெள்ளையன் வாயில் ‘கூலி’ ஆனார்கள். அது வேலையின் பெயரல்ல, இந்தியன் என்றாலே அந்தப் பெயர்! ஒப்பந்த முறை 1917-ல் நின்றது. அந்தச் சொல் நிற்கவில்லை. வெகுகாலம் கழித்து, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் தலைநிமிர்ந்து எதிர்த்த பிறகுதான், இது அவமதிக்கும் சொல் என்ற எச்சரிக்கை அகராதிகளில் ஏறியது.

இன்னொன்று ‘பரையா’. பறை அடிக்கிற மக்களின் பெயர். தமிழ்ச் சொல் என்பதில் பண்டிதர்களுக்கு வழக்கே இல்லை. சேற்றில் நின்று நாட்டுக்குச் சோறு போட்ட மக்களின் பெயர் அது. ஆங்கிலத்தில் அதற்குப் பொருள், ஊரால் தள்ளிவைக்கப்பட்டவன், கூட்டத்தில் சேர்க்கத் தகாதவன். நம் ஊர் உயர்சாதிக்காரன் சொன்ன பொருளை வெள்ளைக்காரன் அப்படியே வாங்கிக்கொண்டான். இங்கே சாதியும் அங்கே ஏகாதிபத்தியமும் எவ்வளவு சுலபமாகக் கைகுலுக்கிக்கொண்டன, பாருங்கள்! ‘கூலி’க்காவது இப்போது எச்சரிக்கை போடுகிறார்கள். ‘பரையா’வை ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் கூசாமல் தலைப்பில் போடுகின்றன. ஒரு நாட்டின் மீது வல்லரசுகளுக்குக் கோபம் வந்தால் அந்த நாடு ‘பரையா நாடு’. நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல.

மேற்கொண்டு அனுபந்தங்கள் 1972-லிருந்து 1986 வரை நான்கு தொகுதிகளாக வந்தன. 1989-ல் இரண்டாம் பதிப்பு, இருபது தொகுதி. கம்ப்யூட்டரில் ஏற்றி அச்சிட்ட பதிப்பு. கம்ப்யூட்டர் தானாகப் படித்துக்கொண்டதா என்ன? அமெரிக்காவில் 120 பேர் உட்கார்ந்து, ஒன்றரை வருடம், 35 கோடி எழுத்தை விசைப்பலகையில் தட்டினார்கள். அந்தப் பதிப்பிலும் பழைய விளக்கங்கள் பெரும்பாலும் பழையபடியே இருந்தன. அனுபந்தத்தைக் கொண்டுவந்து நடுவில் சேர்த்தார்கள். பழைய விளக்கங்களைத் திருத்தும் மூன்றாம் பதிப்பு வேலை 2000-ம் ஆண்டிலிருந்து இணையத்தில், சந்தா கட்டுபவர்களுக்காக, வந்துகொண்டிருக்கிறது. அதில் 2016-ல் நம் ‘ஐயோ’வையும் 2017-ல் ‘அண்ணா’வையும் சேர்த்தார்கள். நல்லது. ஐயோ என்று எத்தனை காலமாய்க் கத்திக்கொண்டிருந்தோம்!

நம் வீட்டு அகராதி

ஆக்ஸ்போர்டைக் குறைசொன்னால் போதுமா? நம் வீட்டைப் பார்க்க வேண்டாமா?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வேலை 1913-ல் தொடங்கியது. முதல் பகுதி 1924-ல் வந்தது. 1926-லிருந்து வையாபுரிப் பிள்ளை ஆசிரியராக இருந்து, 1936-ல் ஆறு தொகுதிகளை முடித்தார். 1,04,405 சொற்கள். 1939-ல் அனுபந்தம், இன்னும் 13,357 சொற்கள். இதுவும் மலைப்பான உழைப்பே. தஞ்சை வழக்கு, நாஞ்சில் நாட்டு வழக்கு, யாழ்ப்பாண வழக்கு என்று குறிப்புப் போட்டுப் பேச்சுச் சொற்களையும் அதில் சேர்த்தார்கள். ஆனால் நிலம், வரி, வாரம் சம்பந்தமான சொற்கள் பலவற்றுக்கு அது காட்டுகிற ஆதாரம் எது தெரியுமா? வில்சன் என்ற வெள்ளைக்காரர் 1855-ல் லண்டனில் வெளியிட்ட சொற்றொகுதி. கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் கோர்ட்டு நடத்தவும் தீர்வை வசூலிக்கவும் உதவியாகச் செய்தது. உழுதவனைக் கேட்டு எழுதியதல்ல.

‘பண்ணையாள்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பேரகராதி முடிந்த 1936-ல் தஞ்சைத் தரணியில் பண்ணையாள் என்றால் சாணிப்பாலும் சவுக்கடியும். பிறகு தோழர் சீனிவாசராவ் வந்தார், செங்கொடி வந்தது. 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நினைத்தபோது விரட்ட முடியாத, சட்டத்தில் பெயருள்ள ஆளாகப் பண்ணையாள் நிமிர்ந்தான். பேரகராதியை 1982-ல் மறுபடி அச்சிட்டார்கள், பழைய அச்சு எப்படியோ அப்படியே. நடுவில் ஓடிய 46 வருடத்துக்கு அந்தப் பக்கங்களில் இடமில்லை.

இன்றைய தமிழுக்கு க்ரியாவின் அகராதி 1992-ல் வந்தது. ஏறக்குறைய 16,000 சொற்கள். 2008-ல் இரண்டாம் பதிப்பில் 21,000 அளவுக்கு ஏறியது. இலங்கைத் தமிழ்ச் சொற்களும் சேர்ந்தன. மூன்றாம் பதிப்பு 2020-ல் வந்தது; அதை நடத்திய ராமகிருஷ்ணன் அதே ஆண்டு நவம்பரில் கொரோனாவுக்குப் பலியானார். பதிப்புக்குப் பதிப்பு திருத்துவது என்ற நல்ல பழக்கத்தை அவர்கள் காட்டியிருக்கிறார்கள். கரிசல் காட்டுச் சொற்களைக் கி. ராஜநாராயணன் 1982-லும், கொங்குச் சொற்களைப் பெருமாள்முருகன் 2000-லும் அகராதியாக்கினார்கள். தனி மனிதர்கள் செய்த பெரிய காரியம்.

ஆந்திராவிலோ இதைத் தனி மனிதர் தலையில் விடவில்லை. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி என்ற மொழி அறிஞர் ஊர் ஊராக ஆட்களை அனுப்பி, உழவர்களிடமே கேட்டு, விவசாயத் தொழிற்சொற்களின் அகராதி ஒன்றை 1962-ல் கொண்டுவந்தார். ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாடமி வெளியிட்டது. 1971-ல் அடுத்த தொகுதி, கைத்தறி நெசவுச் சொற்கள். ஒரே கருவிக்கு எந்தெந்தத் தாலுகாவில் என்ன பெயர் என்பதெல்லாம் அதில் உண்டு.

தமிழ்நாட்டு அரசும் பல்கலைக்கழகங்களும் இதைச் செய்ய வேண்டும். சீக்கிரம் செய்ய வேண்டும், ஏனென்றால் நாள் குறைவாக இருக்கிறது. பம்புசெட்டு வந்தபோது கமலையும் சாலும் வடமும் போயின. டெல்டாவில் அறுவடை இயந்திரம் இறங்கிய பிறகு அரி என்றால் என்ன, பொலி என்றால் என்ன என்று பையன்கள் கேட்கிறார்கள். சென்னைப் பெரம்பூர் ஆலையை 1996-ல் மூடியபோது, மூன்று தலைமுறைத் தொழிலாளிகள் ஆங்கிலத்தை வளைத்து உடைத்துத் தங்களுக்கென்று செய்துகொண்ட பாஷையும் வெளியே தள்ளப்பட்டது. பாவு, ஊடை, தார், விழுது என்று பேசுகிற கிழவர்கள் இன்னும் எத்தனை நாளைக்கு இருப்பார்கள்?

அரசு செய்யும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முர்ரே கேட்ட சீட்டு ஆறு அங்குலத்துக்கு நான்கு அங்குலம். நமக்குச் சம்பளச் சீட்டின் பின்புறம் போதும். சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு சொல்லாவது எழுதிக்கொண்டு வாருங்கள். மேலே சொல். கீழே அந்தச் சொல் வருகிறபடி ஒரு வாக்கியம், பேசுகிற மாதிரியே. எந்த ஊர், எந்த வேலை, எந்த இலாகா, சொன்னவருக்கு எத்தனை வயது. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். பெரியவருக்கு எழுதத் தெரியாவிட்டால், அவர் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடத்துப் பேத்தி எழுதட்டும்.